புற்றரையும் கோரையும்: லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் சுதேசத் தாவரத் தோட்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1913ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் விளிம்பில், பல்லாயிரம் மக்கள் கூடிநிற்க, 233 மைல் நீளமான கால்வாயொன்றின் மதகுகள் திறக்கப்பட்டன. சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் உருகிய பனிநீர் பாலைநிலத்தைக் கடந்து நகரத்தை வந்தடைந்தது. மறுநாள், நகரின் எக்ஸ்பொசிஷன் பூங்காவில் புதிய நூதனசாலை திறந்துவைக்கப்பட்டது. இவ்விரு விழாக்களும் ஒரே கொண்டாட்டத்தின் இரு நாள் நிகழ்ச்சிகளாகவே அமைந்தன. ஈராண்டுகளின் பின், 1915இல், அதே பூங்காவின் ஐந்து ஏக்கர் நிலத்தில், தியடோர் பேய்ன் என்னும் நாற்றுமேடைக்காரர் கலிபோர்னியாவுக்கே உரிய 262 வகைத் தாவரங்களை நட்டு ஒரு காட்டுத் தோட்டத்தை உருவாக்கினார்.

கால்வாயின் கதை பொறியியல் வரலாற்றிலும், நூதனசாலையின் கதை நகர வரலாற்றிலும், தோட்டத்தின் கதை தோட்டக்கலை நூல்களிலும் தனித்தனியே சொல்லப்பட்டு வந்துள்ளன. அவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போது, குறைந்த நீரில் வாழும் சுதேசத் தாவரங்களைக் கொண்டு பொதுத் தோட்டம் அமைக்கும் இயக்கம் எத்தகைய உடைமை உறவுகளின் நடுவே தோன்றியது என்பது தெளிவாகும். இவ்வியக்கத்தின் வழமையான வரலாறு பின்வருமாறு அமையும்: மனிதர் அறியாமையால் வறண்ட நிலத்தில் இங்கிலாந்தின் புற்றரையை வளர்த்தனர், 1976-77இல் கலிபோர்னியாவைப் பெருவறட்சி வாட்டியது, 1981இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகர நீர் வழங்கல் நிறுவனம், வறட்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'செரிஸ்கேப்' என்னும் பெயரைப் படைத்தது, அறிவு பரவிற்று, நகரங்கள் திருந்தின. கருத்து முதலில் மாறுகிறது, நிலம் அதனைப் பின்பற்றுகிறது என்னும் இவ்விளக்கம், கருத்துமுதல்வாத வரலாற்றெழுத்தின் நல்லதோர் எடுத்துக்காட்டு. அதிலே நீர் யாருடையது என்ற வினா எழுவதேயில்லை.

எனவே, நீர் வந்த இடத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

அவ்விடம் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. அங்கு வாழ்ந்துவந்த பையூட் மக்கள் அதனைப் 'பயஹுனாடு' என அழைத்தனர். நீர் ஓடும் நிலம் என்பது பொருள். (சொல்லின் ஈற்றைக் கண்டு மொழியுறவு தேடப் புறப்படும் ஆர்வம் நம்மவரிடையே எழாதிருக்குமாக.) மானிடவியலாளர் ஜூலியன் ஸ்டூவர்ட் 1930இலும் 1933இலும் வெளியிட்ட ஆய்வுகள் அம்மக்களின் நீர்ப்பாசன முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளன. வசந்தத்தில் ஆடவர் கூடி உழைத்து பிஷொப் ஓடையின் குறுக்கே அணையொன்றைக் கட்டுவர். பாய்ச்சலைக் கவனிக்க ஒருவரை ஊர்ச்சபை தெரிவு செய்யும். ஓடையின் வடக்கிலும் தெற்கிலுமாக இரு பெரும் பரப்புகள் இருந்தன. ஓராண்டு ஒன்றுக்கும் மறு ஆண்டு மற்றதற்கும் நீர் விடப்படும். இலையுதிர் காலத்தில் பெண்கள் கிழங்கு தோண்டுவர். பின்னர் அணை உடைக்கப்பட்டு நீர் ஓடைக்கே திரும்பும். வாய்க்காலில் எஞ்சிய மீன் ஊரவர்க்கு உணவாகும். அணைக்கோ வாய்க்காலுக்கோ தனி உடைமையாளர் எவரும் இருக்கவில்லை.

அவ்வாறு நீர் பாய்ச்சி வளர்க்கப்பட்ட முக்கிய பயிர் எது என்பது நமக்குச் சிறிது வியப்பளிக்கலாம். அது கோரைகளுள் ஒன்று. நமது வயல்களிலும் தோட்டங்களிலும் களையெனப் பிடுங்கி எறியப்படும் கோரைக்கிழங்கின் நெருங்கிய உறவினம். உழவும் விதைப்பும் இல்லாமையால் ஸ்டூவர்ட் இம்முறையை 'வேளாண்மையற்ற நீர்ப்பாசனம்' என வகைப்படுத்தினார். 1976இல் ஹரி லோட்டனும் அவருடன் இணைந்து எழுதிய மூவரும் இம்முடிவை மறுத்து, அது வேளாண்மையே என வாதிட்டனர். இவ்விவாதம் வெறும் சொற்போர் அன்று. அமெரிக்க மேற்குப் புலத்தின் நீர்ச்சட்டம், ஓடையின் நீரை முதலில் எடுத்துப் பயன்விளைத்தவருக்கே முதலுரிமை என்னும் கோட்பாட்டைப் பெருமளவிற் சார்ந்தது. 1859இலேயே அப்பள்ளத்தாக்கினூடாகச் சென்ற இராணுவ அதிகாரி டேவிட்சன், பையூட் மக்களின் நீண்ட வாய்க்கால்களைக் கண்டு குறித்துள்ளார். கோட்பாட்டை நேர்மையாகப் பிரயோகித்திருப்பின் முதலுரிமை அம்மக்களுக்கே உரியதாயிருக்கும். அவர்கள் வேளாண்மை செய்யாதவர்கள், காட்டில் விளைந்ததைப் பொறுக்கியுண்டவர்கள் என்று கொண்டபோதுதான் நீர் உரிமையாளரற்றதாயிற்று.

1861இல் வெள்ளைக் குடியேற்றவாசிகளின் கால்நடைகள் இக்கிழங்கு வயல்களில் மேய்ந்தன. அடுத்த ஆண்டு போர் மூண்டது. 1863 யூலையில் ஏறத்தாழ ஆயிரம் பையூட் மக்களைப் படையினர் டெஜோன் கோட்டைக்கு நடத்திச் சென்றனர். காலப்போக்கில் பலர் திரும்பி வந்தனர். தாம் நீர் பாய்ச்சிய நிலங்களிலேயே கூலிகளாக வேலை செய்தனர். மார்க்ஸ் மூலதனத்தின் முதல் தொகுதியில், ஸ்கொட்லாந்தின் சதர்லாந்துச் சீமாட்டி 1814க்கும் 1820க்கும் இடையில் பதினையாயிரம் மக்களை வெளியேற்றி ஆட்டு மேய்ச்சலுக்கு நிலத்தைத் திறந்ததை விவரித்துள்ளார். அங்கு ஆடு செய்ததை இங்கு மாடு செய்தது. இரண்டும் ஒரே சமூக நிகழ்வின் வடிவங்கள்.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் கதை பரவலாக அறியப்பட்டது இதன் பின்னர் நிகழ்ந்த இரண்டாவது பறிப்பின் மூலமே. 1905ஆம் ஆண்டளவில் லொஸ் ஏஞ்சலிஸின் முன்னாள் நகரபிதா பிரெட் ஈட்டன் அங்கு நிலங்களையும் அவற்றோடிணைந்த நீருரிமைகளையும் வாங்கினார். அவை நகரத்துக்குக் கைமாறின. 1907இல் 2 கோடி 30 இலட்சம் டொலர் கடன்முறிகளுக்கு வாக்காளர் ஒப்புதலளித்தனர். தலைமைப் பொறியியலாளர் வில்லியம் மல்ஹோலண்ட், அயர்லாந்திற் பிறந்து வாய்க்கால் காவலராகத் தொழில் தொடங்கியவர், கால்வாயைக் கட்டி முடித்தார். நாளிதழ் அதிபர் ஹரிசன் கிரே ஓட்டிஸ், அவரது மருமகன் ஹரி சாண்ட்லர், ரயில் அதிபர் ஹென்றி ஹண்டிங்டன் முதலியோரின் கூட்டு முதலீட்டுக் குழுக்கள் இதற்கிடையே சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் வறண்ட நிலங்களைப் பெருமளவில் வாங்கியிருந்தன. 1915இல் அப்பள்ளத்தாக்கு நகர எல்லைக்குள் இணைக்கப்பட்டது. நீர் வந்ததும் நிலவாடகையும் மனைவிலையும் உயர்ந்தன. மக்களின் பொதுக்கடன் தனியாரின் நிலவாடகையாக உருமாறிய இந்நிகழ்வை, கேரி மக்வில்லியம்ஸ் 1946இல் வெளியிட்ட தென் கலிபோர்னியா பற்றிய நூலில் துணிவுடன் எடுத்துரைத்தார். 1974இல் வெளிவந்த 'சைனாடவுன்' திரைப்படம் இதே கதையை 1930களுக்கு நகர்த்தி, தனிமனித வக்கிரமாகச் சுருக்கிவிட்டது.

ஓவன்ஸ் ஏரி 1926 அளவில் வறண்டது. 1924இல் விவசாயிகள் கால்வாயின் மதகொன்றைக் கைப்பற்றி நீரைத் திருப்பிவிட்டனர்; அவ்வாண்டும் 1927இலும் கால்வாய் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. முற்போக்காளர் பலர் இவ்விவசாயிகளை வீரநாயகர்களாகக் கொண்டாடியுள்ளனர். அனுதாபத்துக்கு அவர்கள் உரியவர்களே. எனினும் அவர்கள் இழந்த வாய்க்கால்களுட் சில அறுபதாண்டுகளுக்கு முன் பிறரிடமிருந்து பெறப்பட்டவை என்பதை மறந்து எழுதப்படும் வரலாறு பாதி வரலாறே. அக்காலப் படைப்பாளிகளுள் இதனை ஓரளவு உணர்ந்திருந்தவர் மேரி ஒஸ்டின். அப்பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்த அவர் 1903இல் வெளியிட்ட 'மழை குறைந்த நிலம்' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல், பாலைத் தாவரங்களையும் பையூட் பெண்ணொருத்தியின் கூடைமுடைதலையும் ஒரே பரிவுடன் நோக்குகின்றது. ஆயினும், அத்தாவரங்களிற் சில மனித உழைப்பால் நீரூட்டப்பட்டவை என்ற உண்மை அவரது இயற்கை வழிபாட்டினுள் மங்கிப்போகிறது.

இனி, வந்த நீர் என்னவாயிற்று என்று நோக்குவோம். கணிசமான பங்கு சான் பெர்னாண்டோவின் பயிர்நிலங்களுக்கும், பின்னர் வீட்டுமனைகளின் முன்புறத்துப் புற்றரைகளுக்கும் சென்றது. புற்றரை பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலப்பிரபுக்களது மாளிகைகளைச் சூழ வளர்ந்த வடிவம். பயிரிடாமல் விடக்கூடிய அளவுக்கு நிலம் தம்மிடம் உண்டு என்பதைக் காட்டுவதே அதன் சமூகப் பொருள். அமெரிக்கப் புறநகர் அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி, தவணைமுறையில் வீடு வாங்கிய நடுத்தர வர்க்கத்துக்கு விற்றது. தென் கலிபோர்னியாவின் வெயிலில் இப்புற்றரைகளுக்கு மிகுதியும் பயன்பட்ட புல் 'பெர்முடா' எனப் பெயர்பெற்றது. அது வேறெதுவுமன்று, நமது அறுகம்புல்லே. புற்றரையிலே முளைத்து அதன் உரிமையாளரை எரிச்சலூட்டிய களைகளுள் ஒன்று, பையூட் மக்கள் நீர் பாய்ச்சி வளர்த்த அதே கோரை. கோரையை வளர்த்த நீர் அறுகுக்குத் திருப்பப்பட்டது. அறுகினிடையே தலைகாட்டிய கோரை நஞ்சிட்டு அழிக்கப்பட்டது. பயிர் என்பதும் களை என்பதும் தாவரவியல் வகைகள் அல்ல, உடைமையின் வகைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

பேய்னின் தோட்டத்தை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடவேண்டும். 1872இல் இங்கிலாந்தின் நோதாம்ப்டன்ஷயரிற் பிறந்த அவர், 1893இல் கலிபோர்னியா வந்து, போலந்து நாட்டு நடிகை ஹெலெனா மொட்ஜெஸ்காவின் பண்ணையிலே தோட்டக்காரராக வேலை செய்தார். மலைச்சரிவுகளின் காட்டுப்பூக்கள் கலப்பைக்கும் மனைப்பிரிப்புக்கும் இரையாவதைக் கண்டு, அவற்றின் விதைகளைச் சேகரித்து விற்கலானார். 1903இல் சொந்த நாற்றுமேடையை நிறுவினார். தம் கையால் உழைத்தவர், அழிவை நேரிற் கண்டவர் என்ற வகையில் அவரது பணி மதிப்புக்குரியது. 1963இல் அவர் மறையும் வரை நூற்றுக்கணக்கான சுதேச இனங்கள் அவர் மூலம் தோட்டங்களை அடைந்தன. ஆனால் அவருக்கு நிலமும் பணமும் அளிக்கக்கூடியவர்கள், அழிவை உண்டாக்கிய அதே மனைவிருத்திச் செல்வத்தைச் சார்ந்தவர்களே. மனைப்பிரிப்பு உச்சத்திலிருந்த நகரம், மறைந்துகொண்டிருந்த காட்டினை ஐந்து ஏக்கர் மாதிரியாக நூதனசாலைக்கு அருகிலே நட்டுவைத்தது. அத்தோட்டமும் நீடித்து நிலைக்கவில்லை.

1927இல் சுசானா பிக்ஸ்பி பிரையன்ட் என்னும் பெருநிலவுடைமையாளர் சாந்தா ஆனா பள்ளத்தாக்கிலிருந்த தமது பண்ணையில், தந்தையின் நினைவாக, சுதேசத் தாவரங்களுக்கென ஒரு தாவரவியற் பூங்காவை நிறுவினார். பேய்னின் ஆலோசனை அதற்கும் கிடைத்தது. 1951இல் அது கிளேர்மொன்ட் நகருக்கு இடம்பெயர்ந்தது. 2020இல் கலிபோர்னியா தாவரவியற் பூங்கா எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் விஞ்ஞானப் பணி ஐயத்துக்கிடமற்றது. பூங்கா தோன்றிய பண்ணையோ மெக்சிக்கோ ஆட்சிக்கால நிலக்கொடையாக இருந்து, 1848இன் பின்னர் ஆங்கிலோ அமெரிக்கரின் கைக்கு வந்தது. அதற்கு முன் அது யாருடையது என்பது கூறாமலே விளங்கும். தாவரங்களுக்குச் 'சுதேச' என்ற அடைமொழி மிகுந்த மரியாதையுடன் வழங்கப்பட்ட அந்தப் பத்தாண்டுகளில், மனிதருக்கு அதே அடைமொழி அவமதிப்பாகவே வழங்கிற்று.

இங்கு ஒரு சிறு விலகல். திணை மரபிலே கருப்பொருள் எனத் தொகுக்கப்படுபவற்றுள் மரமும் பூவும் மட்டுமன்றி, மக்களும் உணவும் தொழிலும் தெய்வமும் பறையும் ஒருங்கே அடங்கும். கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையில் திணைகளை உற்பத்தி முறைகளின் சமனற்ற வளர்ச்சியோடு இணைத்து விளக்கினார். அம்மரபைத் தூய இயற்கை வாழ்வாகக் காட்டும் பழம்பெருமையாளரோடு நமக்கு உடன்பாடில்லை. எனினும், தாவரத்தை அதனைப் பயன்கொண்ட மனித உழைப்பிலிருந்து பிரித்தறியாத அப்பட்டியலின் பக்கத்தில், கலிபோர்னியாவின் சுதேசத் தோட்டம் மக்கள் நீக்கப்பட்ட கருப்பொருட் பட்டியலாகத் தோன்றுகிறது.

தோட்டங்களில் உழைத்தோர் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லொஸ் ஏஞ்சலிஸ் தோட்டத் தொழிலாளரிற் பெருந்தொகையினர் யப்பானியர்; பின்னாளில் அவ்விடத்துக்கு மெக்சிக்கரும் மத்திய அமெரிக்கரும் வந்தனர். 1942இல் மேற்குக் கரையோர யப்பானியர் அனைவரும் குடிபெயர்க்கப்பட்டபோது, பத்தாயிரம் பேர் வரை அடைக்கப்பட்ட மன்சனார் முகாம் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலே, லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் நீருக்காக வாங்கிய நிலத்திலே அமைந்தது. மன்சனார் என்பது ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோப்பைக் குறிக்கும். நகரம் வாங்குமுன் அங்கு தோப்புகள் இருந்தன. தூசிப்புயலின் நடுவே அடைபட்டோர் உணவுக்கூடங்களின் அருகிலும் குடியிருப்புகளின் இடையிலும் கல்லும் குளமும் செடியும் கொண்ட தோட்டங்களை அமைத்தனர். முகாம் மூடப்பட்டபின் மணலில் புதைந்த இத்தோட்டங்களைப் பிற்காலத்தில் தேசியப் பூங்காச் சேவையினர் அகழ்ந்து வெளிப்படுத்தினர். அதே 1942இல், பின்னர் டெஸ்கான்சோ பொதுத் தோட்டமாக மாறிய நிலத்தின் உரிமையாளரான பத்திரிகை அதிபர், வெளியேற்றப்படவிருந்த யப்பானிய நாற்றுமேடைக்காரரிடமிருந்து கமேலியாச் செடிகளைப் பெருந்தொகையில் வாங்கினார்.

செரிஸ்கேப் இயக்கம் 1981இன் பின்னர் விரைவாகப் பரவியதற்கு வறட்சி மட்டும் காரணமன்று. புதிய அணைகளுக்கு அரசு முதலீடு சுருங்கிய காலம் அது. எடுப்பதற்குப் புதிய ஆறுகளும் எஞ்சியிருக்கவில்லை. தேவையைக் குறைப்பது புதிய நீரைத் தேடுவதிலும் மலிவானதாயிற்று. நீரைச் சேமிக்குமாறு குடிமகனுக்குப் போதிக்கும் அறவுரையின் பொருளாதார அடிப்படை இதுவே. கலிபோர்னியாவில் மனிதப் பயன்பாட்டுக்கு எடுக்கப்படும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வேளாண்மைக்கே செல்கிறது. 2015 ஏப்ரிலில் மாநில ஆளுநர் நகரப் பாவனையை 25 சதவீதத்தாற் குறைக்கக் கட்டளையிட்டபோது, பெரும் பண்ணைகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றன. புற்றரையைப் பெயர்ப்போருக்குத் தென் கலிபோர்னிய நீர் அதிகாரசபை சதுர அடிக்கு 2 டொலர் வழங்கிற்று. சதுர அடிக் கணக்கில் வழங்கப்படும் மானியம் நிறைய சதுர அடிகளை உடையவருக்கே நிறையச் சேரும் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. கோல்ப் மைதானங்களும் அதனைப் பெற்றன.

ஆயினும், சேமிப்பு என்பதே ஆளும் வர்க்கத்தின் ஏமாற்று என்று ஒதுக்குவது இயந்திரவியற் பார்வையாகும். மாறான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. ஓவன்ஸுக்கு வடக்கேயுள்ள மோனோ ஏரியின் ஓடைகளையும் லொஸ் ஏஞ்சலிஸ் 1941 முதல் திருப்பியெடுத்தது. 1983இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் பொதுநம்பிக்கைக் கோட்பாட்டின் அடிப்படையில் இவ்வுரிமை மீள்பரிசீலனைக்கு உரியது எனத் தீர்ப்பளித்தது. 1994இல் எடுக்கப்படும் நீர் வரையறுக்கப்பட்டது. குறைந்த நீருக்கு ஈடு செய்வதில், கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸின் மெக்சிக்க அமெரிக்கத் தொழிலாளர் குடியிருப்புகளைச் சேர்ந்த தாய்மார் அமைப்பினர் 1990களின் தொடக்கத்தில் முக்கிய பங்கு வகித்தனர். குறைந்த நீரில் இயங்கும் மலகூடத் தொட்டிகளை வீடுவீடாக வழங்கி, அவ்வேலையின் மூலம் அயலவருக்குத் தொழிலும் தேடிக்கொடுத்தனர். பரந்த புற்றரை இல்லாதோரின் சேமிப்பு ஏரியொன்றைக் காக்க உதவிற்று. இங்கு சேமித்த நீர் எங்கே செல்லும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. பெரும்பாலான தோட்டத் திட்டங்களில் அது தெரிவதில்லை. மீந்த நீர் அடுத்த மனைப்பிரிப்புக்குச் செல்வதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் அவற்றில் இல்லை.

பொதுத் தோட்டம் என்பதிலுள்ள 'பொது' என்ற சொல்லும் ஆராயத்தக்கது. 2011 ஒக்டோபர் முதல் நவம்பர் இறுதிவரை லொஸ் ஏஞ்சலிஸ் நகர மண்டபத்தின் புற்றரையில் ஆக்கிரமிப்பு இயக்கத்தினர் கூடாரமிட்டுத் தங்கி, நிதி மூலதனத்துக்கு எதிராகக் குரலெழுப்பினர். பொலிசார் அவர்களை வெளியேற்றியபின் புற்றரை அழிந்துகிடந்தது. 2012இல் அவ்விடம் புதுப்பிக்கப்பட்டபோது புல்லின் பரப்பு குறைக்கப்பட்டு, வறட்சி தாங்கும் செடிகள் கூடுதலாக நடப்பட்டன. நீர்க்கணக்கில் இது முன்னேற்றமே. ஆனால் புல்லின்மேல் ஆயிரம் பேர் அமரலாம். முட்செறிந்த பாத்தியின்மேல் ஒருவரும் அமரமுடியாது. அவ்வாறு திட்டமிட்டே செய்யப்பட்டது என்று நான் கூறவரவில்லை, விளைவு அதுவாயிற்று. நிலப்பிரபுவின் சின்னமாகப் பிறந்த புற்றரை, நகரத்தின் நடுவே உழைப்பாளரின் மன்றமாகவும் மாறக்கூடியதாயிருந்தது என்பதைச் சுதேசத் தாவர ஆர்வலர் பலர் கருத்திற்கொள்வதில்லை. பசடீனா நகரின் ஆர்லிங்டன் தோட்டம் இவ்வகையில் மேலானது. நெடுஞ்சாலை நீடிப்புக்கென மாநிலப் போக்குவரத்துத் திணைக்களம் வைத்திருந்து, சாலை வராமையால் தரிசாகக் கிடந்த ஏறத்தாழ மூன்று ஏக்கர் நிலத்தில், 2005 முதல் அயலவரின் முயற்சியால் அது உருவாயிற்று. நிழலும் இருக்கைகளும் நடைபாதைகளும் அங்கு உண்டு. வருவோர் அமர்ந்து பேசுகின்றனர்.

எக்ஸ்பொசிஷன் பூங்காவுக்கு மீள்வோம். 2013இல், திறக்கப்பட்டு நூறாண்டு நிறைந்த அதே நூதனசாலை, வாகனத் தரிப்பிடமாயிருந்த மூன்றரை ஏக்கர் நிலத்தின் சீமெந்தைப் பெயர்த்து, சுதேசத் தாவரங்கள் நிறைந்த இயற்கைத் தோட்டத்தை அமைத்தது. பள்ளிச் சிறுவர் அங்கு வண்ணத்துப்பூச்சிகளைக் கணக்கெடுக்கின்றனர். சுற்றிலும் உழைப்பாளர் வாழும் அப்பகுதிக்கு அது நல்ல வரவு.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நிலைமை வேறு. அங்கு லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் இன்றும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஏக்கர் நிலத்தின் உரிமையாளர். வறண்ட ஏரியின் தூசியை அடக்குவதற்காக, 2001 முதல், எடுத்த நீரில் ஒரு பகுதியை ஏரிப்படுகையிலே தெளித்துவருகிறது. 1939இல் நகரத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே நடந்த நிலப் பரிமாற்றத்தில் பையூட் மக்கள் பிஷொப்பில் 875 ஏக்கரும், பிக் பைனில் 279 ஏக்கரும், லோன் பைனில் 237 ஏக்கரும் பெற்றனர். கைவிட்ட நிலங்கள் அதனிலும் இரு மடங்கு. நீருரிமையை மாற்றிக்கொடுக்க நகர வாக்காளரில் மூன்றிலிரு பங்கினரின் ஒப்புதல் வேண்டும் என நகரப் பட்டயம் விதித்திருந்தமையால், நிலத்தோடு நீர் மாற்றப்படவில்லை. அது பின்னர் தீர்க்கப்படும் என ஒத்திவைக்கப்பட்டது. அந்தப் 'பின்னர்' இன்னும் வரவில்லை.